நாற்பத்தோராயிரம் முறை அணைந்த டிஸ்க்

அத்தியாயம் 9

"காலி டிஸ்க்குன்னு போலீஸே எழுதிக் கொடுத்துட்டாங்க. காலின்னா காலிதானே மேடம்? அதுல இன்னும் என்னத்தைத் தேடறீங்க?" என்றான் மொட்டை.

சில்லு மேடம் தலையை நிமிர்த்தவில்லை. வக்கீல் அலைந்து திரிந்து வாங்கித் தந்த நான்கு பக்க அறிக்கையை, கழுத்தில் தொங்கிய லென்ஸைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். துப்பறிய வருவதற்கு முன் பதினைந்து வருஷம் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து போன், மெமரி கார்டு என்று செத்த சில்லுகளையெல்லாம் பிழைக்க வைத்தவர். அதனால்தான் அந்தப் பெயர். மொட்டைக்குத் தலையில் முடி இல்லாததால் பெயர் வந்தது. வாய்க்குப் பூட்டு இல்லாததால் உதவியாளர் வேலை வந்தது.

எதிரே பெஞ்சின் நுனியில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ரெடிமேட் கம்பெனியில் தையல் வேலை. ஒன்பது நாளாக மெஷினைத் தொடவில்லை. காலையில் வாங்கிக் கொடுத்த டீ அவள் பக்கத்திலேயே ஏடு கட்டிக் கிடந்தது.

ஒன்பது நாளுக்கு முன் ஊர்க்கோடியிலிருக்கும் சரக்குக் குடோனில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரேக்கில் மோதியது. ரேக் சாய்ந்தது. கீழே நின்ற வயதான சுமை தூக்குபவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். டிரைவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவன் அன்றிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்கிறான்: நான்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நீதிபதி முன்னாலும் அதையே சொல்லப் போகிறான். சொல்லிவிட்டால் அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் பயனில்லை.

"அவர் பண்ணியிருக்க மாட்டார் மேடம்" என்றாள் அவள், எத்தனையாவது தடவையோ. "பின்னால வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மூணு வாட்டி இறங்கிப் பார்க்கற ஆளு. கம்பெனிக்காரங்க மிரட்டித்தான் ஒத்துக்க வெச்சிருக்காங்க. இல்லேன்னா வண்டியில இருக்கற கேமராவோட டிஸ்க் மட்டும் எப்படிக் காலியா இருக்கும்?"

அவள் தோளுக்குப் பின்னால் தம்பிக்காரன் நின்றான். இருபத்து மூன்று வயது. அதே குடோனில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவன். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, அக்கா மடியில் வளர்ந்தவன். இந்த ஒன்பது நாளும் அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன், வக்கீல், இந்த ஆபீஸ் என்று நாயாய் அலைந்தான். மொட்டைக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"தம்பி, உங்க குடோன்ல வண்டியை விட்டு இறங்கினா சாவியை அணைக்கணுமா?" என்று மேடம் திடீரென்று கேட்டார்.

"ஆமா மேடம். அது கண்டிப்பான ரூல். ஒரு ஷிஃப்டுக்கு அறுபது வாட்டியாவது அணைச்சுப் போடுவாங்க."

"சாவியை அணைச்சா கேமரா பெட்டியும் பட்டுனு செத்துடும். இல்லையா?"

"ஆமா."

மேடம் அறிக்கையைத் திருப்பி மேசையில் வைத்து ஒரு வரியில் நகத்தை அழுத்தினார். "காலிங்கறதைப் படிச்சவங்க இதைப் படிக்கல. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஜாதகத்தைத் தானே எழுதி வெச்சுக்கும். மொத்தம் எவ்வளவு நேரம் ஓடினோம், எத்தனை தடவை சொல்லாம கொள்ளாம கரண்ட் போச்சு, எவ்வளவு தேஞ்சு போனோம், எல்லாம். ரெண்டு வருஷத்துக்கு மேல வண்டியில இருந்ததா சொல்ற இந்த டிஸ்க் மொத்தமா ஓடினது நாற்பது நிமிஷம். கரண்ட் போனது ரெண்டு தடவை."

மொட்டை விசிலடித்தான். "அடப்பாவிகளா! நேத்துப் பொறந்த குழந்தையைக் கொண்டு வந்து தாத்தான்னு கையெழுத்துப் போட வெச்சிருக்காங்க."

"மாத்திட்டாங்க" என்று டிரைவரின் மனைவி எழுந்தே விட்டாள். "நான் சொன்னேன்ல! அப்போ பழைய டிஸ்க் எங்கே?"

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் ஒன்று ஐம்பது. "அதைத்தான் இன்னிக்குள்ள தேடணும். எங்கேயாவது கரண்ட்ல செருகி வெச்சிருந்தாங்கன்னா, ஒவ்வொரு நிமிஷமும் நமக்கு நஷ்டம்."

*

நால்வரும் நேராகப் போய் இறங்கிய அந்தக் குடோனில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஸ்டோரில் பழசைக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். பல்பு வேண்டுமா, எரிந்துபோன பல்பைக் கொண்டு வா. துடைப்பம் வேண்டுமா, தேய்ந்த கட்டையைக் காட்டு.

"நல்லவேளை, இங்க பல் டாக்டர் இல்லை" என்றான் மொட்டை. யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் வக்கீலின் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

விபத்து நடந்தது காலை பதினொன்றுக்குச் சற்று முன். போலீஸ் டிஸ்க்கை எடுத்தது மாலை நான்கு மணிக்கு. நடுவே, பன்னிரண்டு இருபதுக்கு, எலக்ட்ரீஷியன் ஒரு புது டிஸ்க் வாங்கியிருக்கிறார். எதற்கு என்ற இடத்தில் வரவேற்பறை விளம்பர டிவி என்று எழுதியிருந்தது. டிவியிலிருந்த பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார். அது அலமாரியில் ஸ்டிக்கரோடு பத்திரமாக இருந்தது.

"கணக்கு சரியா இருக்கே மேடம்?" என்றான் மொட்டை. "டிவிக்குப் புதுசு வந்தது, டிவியோட பழசு போனது."

"ரொம்பச் சரியா இருக்கு. ஆனா அன்னிக்கு ஸ்டோரை விட்டு வந்த புது டிஸ்க் ஒண்ணே ஒண்ணுதான். அது வண்டிக்குப் போய், போலீஸ் கையில உட்கார்ந்திருக்கு. அப்போ டிவிக்குள்ள இப்போ என்ன இருக்கு?"

நால்வரும் வரவேற்பறைக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்றால் நிஜமாகவே ஓடினார்கள். சுவரில் அகலமாக ஒரு டிவி. அதில் சிரித்த முகத்தோடு ஆட்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று கீழே எழுத்து ஓடியது. டிரைவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில்லு மேடம் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினார். டிவி இருண்டது. வரவேற்பறைப் பெண் "ஹலோ! ஹலோ மேடம்!" என்று எழுந்தாள்.

"வணக்கம்மா" என்று மொட்டை குறுக்கே போய் நின்று வக்கீல் கடிதத்தை நீட்டினான். "டிவிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. டாக்டர் பார்க்கிறாங்க."

டிவிக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து டிஸ்க்கை உருவி, பையிலிருந்த சின்னக் கருவியில் மூன்றே விநாடி செருகி, எண்களைப் பார்த்துவிட்டு மேடம் உருவிக்கொண்டார்.

"காலையில ஆன் பண்ணி சாயங்காலம் ஆஃப் பண்ற டிவி. ஒன்பது நாள்ல எத்தனை தடவை அணைஞ்சிருக்கும்?"

"ஒன்பது" என்றான் மொட்டை.

"நாற்பத்தோராயிரத்து இருநூத்தி முப்பத்தாறு."

தம்பிக்காரன் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "அதுல... அன்னிக்குப் படம் இன்னும் இருக்குமா மேடம்? ஒன்பது நாளா ஓடியிருக்கே?"

"தெரியலப்பா."

"அழிஞ்சிருக்கும்ல?"

"தெரியலன்னு சொன்னேன்ல."

செய்தி பறந்து, எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நாற்பது வயது, சட்டைப் பையில் டெஸ்டர். பிடுங்கிப் போட்ட பிளக்கைப் பார்த்தார், மேடத்தின் கையைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவரின் மனைவி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "யாரு சொல்லி மாத்தினே? மேனேஜரா? முதலாளியா? சொல்லு! நீ நல்லா இருப்பியா? என் புருஷன் ஜெயிலுக்குப் போறான்யா!"

"ஐயோ, அடிக்காதேம்மா. முதலாளியும் இல்ல, மேனேஜரும் இல்ல." எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் வீட்டுக்காரர்தாம்மா. போலீஸ் வர்றதுக்குள்ள ஓடி வந்து என் காலைப் புடிச்சாரு. டிஸ்க்கை எடுத்துடு, உள்ள இருக்கறதைப் பார்க்காதே, அழிச்சுடுன்னாரு. என் புள்ள மேல சத்தியம் வாங்கினாரு. தூக்கிப் போட்டா பழசு எங்கேன்னு ஸ்டோர்ல மாட்டிக்குவேன், வண்டி டிஸ்க்கைக் கொடுத்தா நோட்டுல ஏறிடும். அதான் அழிச்சுட்டு, டிவி படத்தை ஏத்தி, இங்க செருகிட்டேன்."

அவள் கை தானாகச் சட்டையை விட்டது. மொட்டை அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

*

"அப்போ அவர்தான் பண்ணியிருக்கார்" என்று அவள் காரில் ஒரு தடவை சொன்னாள். ஆபீஸ் படியேறும்போது மறுபடி சொன்னாள். "தப்பு பண்ணலேன்னா எதுக்கு அழிக்கச் சொல்லணும்? நான்தான் லூசு மாதிரி எல்லார் காலிலயும் விழுந்துட்டு அலைஞ்சிருக்கேன்."

எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற வாய் மொட்டையுடையது. இன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது. "தங்கச்சி, கொஞ்சம் தண்ணியாவது குடி" என்று மட்டும் சொன்னான். அவள் குடிக்கவில்லை.

சில்லு மேடம் மேசை விளக்கின் கீழ் டிஸ்க்கின் ஓட்டைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே நகம் அகலத்தில் நான்கு கறுப்புச் சில்லுகள். ஓரத்தில் அவற்றை ஆட்டி வைக்கும் மூளைச் சில்லு ஒன்று.

"இதைச் சாதாரணமா செருகக் கூடாது" என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோல் பேசினார். "அழிச்சுடுன்னு சொன்னா இது உடனே அழிக்காது. படத்தை எழுதி வெச்ச இந்தக் கட்டம் இனிமே வேண்டாம்னு குறிச்சு மட்டும் வெச்சுக்கும். அப்புறம் சும்மா இருக்கும்போது, கரண்ட் இருந்தா, ஒவ்வொண்ணா கழுவிவிடும். செருகினா விட்ட இடத்துலேருந்து கழுவ ஆரம்பிச்சுடும்."

"நல்ல வேலைக்காரிதான். நேரங்கெட்ட நேரத்துல" என்றான் மொட்டை.

மேடம் இடுக்கியின் இரண்டு முனைகளையும் பலகையில் இரண்டு புள்ளிகளில் அழுத்தி வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தார். மூளைச் சில்லு அரைத் தூக்கத்தில் எழுந்தது. தன் வழக்கமான வேலை எதையும் தொடங்காமல், கேட்டதை மட்டும் கொடுக்கும் நிலையில் நின்றது. திரையில் எண்கள் ஓடின.

மணி நான்கு. நான்கரை. ஐந்து பத்து.

பூஜ்யம். பூஜ்யம். விளம்பரப் படம். மறுபடி பூஜ்யம்.

"கழுவித் தொடைச்சிருக்கு" என்றார் மேடம். "ஒன்பது நாள் போதும் அதுக்கு."

தம்பிக்காரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அக்கா அழவில்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை போய் அவன் தோளில் கை போட்டான். "அழாதே தம்பி. மாமாவுக்காக எவ்வளவோ பண்ணிட்டே. நாம தோத்துட்டோம், அவ்வளவுதான்."

வக்கீலுக்குப் போன் பண்ணலாம் என்று மொட்டை எழுந்தபோது மேடம் கையை உயர்த்தினார்.

"இரு. இது ரொம்பத் தேஞ்ச டிஸ்க்."

"அதனால?"

"ஒவ்வொரு கட்டமும் சில ஆயிரம் தடவை அழிச்சு எழுதறதைத்தான் தாங்கும். அதனால டிஸ்க் ஒரே இடத்துல எழுதிக்கிட்டே இருக்காது. சுத்திச் சுத்தி எல்லாக் கட்டத்துலயும் சமமா எழுதும்."

"மூணு மருமக இருக்கற வீட்ல ஒருத்தியையே பாத்திரம் தேய்க்க விட்டா அவ ஓடிப்போயிடுவா. அதானே?"

"அதேதான். அப்படியும் ஒரு கட்டம் தேஞ்சு, இனிமே என்னை அழிக்கவே முடியாதுன்னு மக்கர் பண்ணுச்சுன்னா, அதுல இருக்கறதை உபரியா வெச்சிருக்கற வேற கட்டத்துக்கு நகல் எடுத்துட்டு, பழசை ஒதுக்கி வெச்சுடும். அதுக்கு அப்புறம் அது பக்கமே போகாது."

மொட்டை ஒரு விநாடி யோசித்தான். பிறகு அவனுக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்தது. "எலக்ட்ரீஷியன் அழிச்சப்பவும் அது பக்கம் போயிருக்காது."

"போயிருக்காது. அது அழிய மாட்டேன்னு சொன்னதாலதான் ஒதுக்கியே வெச்சுது."

ஒதுக்கப்பட்ட கட்டங்கள் நூற்றுப் பன்னிரண்டு. பெரும்பாலும் பழைய மாதங்களின் துணுக்குகள்: யாரோ ஒருவரின் முழங்கை, குடோன் கூரை, காலி இருக்கை. நூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தைத் திறந்தபோது திரையின் மூலையில் அந்தத் தேதி வந்தது. நேரம் பத்து ஐம்பத்திரண்டு.

"தங்கச்சி!" என்று மொட்டை கத்திவிட்டான்.

முதலில் வெறும் புள்ளிக் கூட்டம். எழுதும்போதே டிஸ்க் கூடவே போட்டு வைத்திருந்த திருத்தக் கணக்கைக் கொண்டு மேடம் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க, படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. டிரைவர் சீட்டைப் பார்த்து மாட்டிய கேமரா; சீட்டுக்குப் பின்னாலிருந்த ரேக்குகளின் வரிசை வந்தது. ரேக் பக்கத்தில் இரண்டு கையையும் ஆட்டி "நிறுத்து" என்று ஓடி வருகிற ஆள் வந்தான். அது டிரைவர். வண்டிக்கு வெளியே, தரையில்.

"அவர் ஓட்டல" என்றாள் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, பாருங்கண்ணே, அவர் ஓட்டல! அவர் கீழ நிக்கறார்!"

"பார்த்தேம்மா, பார்த்தேன்!" மொட்டைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்போ சீட்ல எவன்டா இருக்கான்?"

படம் இன்னும் நான்கு வரி இறங்கியது. சீட்டில் இருந்தவனின் நெற்றி, பயந்து அகன்ற கண்கள், நீலக் கோடு போட்ட பனியன் தெரிந்தன.

மொட்டை மெதுவாகத் திரும்பினான். தம்பிக்காரன் சுவரோரம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அழுகை நின்றுபோயிருந்தது.

"கத்துத் தாங்க மாமான்னு நச்சரிச்சேன்" என்றான். "ரெண்டு நிமிஷம்னு சாவியைக் கொடுத்தார். பிரேக்குன்னு நெனச்சு வேற ஒண்ணை மிதிச்சுட்டேன். அந்தத் தாத்தா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுதான் நின்னார்க்கா. நான் போய்ச் சொல்லிடறேன்னேன். மாமா விடல. அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாம ஓட்டினா உன் வாழ்க்கையே போயிடும்டா, உனக்கு ஒண்ணுன்னா உங்க அக்கா உயிரோட இருக்க மாட்டா, நான் பார்த்துக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார். நானும் திறக்கல."

அக்கா மேசைக்கு வந்து இடுக்கியோடு சேர்த்து அந்தப் பலகையைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"இதை ஒடைச்சா?"

"அதோட போச்சு" என்றார் சில்லு மேடம். "மிச்சம் என் மெஷின்ல இருக்கற படம் ஒண்ணுதான். அதையும் நீங்க சொன்னா அழிச்சுடுவேன். என்கிட்ட கேஸ் கொடுத்தது நீங்க."

"மேடம்!" என்றான் மொட்டை. அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தம்பியின் எதிரே போய் நின்றாள். மூடிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீயே சொல்லு. ஒன்பது நாளா என் கூடவே சுத்தினே. நான் சோறு தண்ணி இல்லாமக் கிடந்ததைப் பார்த்துட்டே இருந்தே. ஒடைக்கட்டுமா?"

அவன் தரையைப் பார்த்தான். ரொம்ப மெல்லிய குரலில், குழந்தையாக இருந்தபோது அவளிடம் எதையாவது கேட்ட அதே குரலாக இருந்திருக்க வேண்டும், "ஒடைச்சுடுக்கா" என்றான்.

பளாரென்று அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நான்காவதற்கு ஓங்கிய கை அப்படியே அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. இருவரும் தரையில் சரிந்தார்கள். அவள் போட்ட ஓலத்தில் கீழ்க் கடைக்காரர் மாடிப்படியில் நாலு படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். உள்ளங்கையில் சில்லுகளின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. பலகையை மேடத்தின் கையில் வைத்தாள். "வக்கீலைக் கூப்பிடுங்க மேடம். பத்து மணிக்குள்ள அவர் வெளிய வரணும்."

தம்பிக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மொட்டையிடம் வந்தான். "அண்ணே, ஸ்டேஷனுக்கு நீங்க கூட வாங்க. நான் தனியாப் போனா பாதி வழியில ஓடிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சு போச்சு."

மொட்டை கார் சாவியை எடுத்துக்கொண்டான். தம்பிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பார்கள். மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் கூப்பிட்டாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்கண்ணே. விட்டுடாதீங்க."